உரியவர்

என் கையெழுத்து அழகாக இருக்கும். பெருமைக்காகச் சொல்லவில்லை, நடந்ததற்கெல்லாம் அதுதான் காரணம் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் யாருக்கு என்ன படிவம் வந்தாலும் பேனா என் கைக்குத்தான் வரும். மின்சாரம், பள்ளிக்கூடம், வங்கி, எதுவானாலும் நான்தான் எழுதுவேன். ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விடமாட்டேன். விட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், மறுபடி வரிசையில் நிற்க வேண்டும், அந்த வம்பே வேண்டாம் என்று எதையாவது எழுதி நிரப்பிவிடுவேன்.

மகளுக்கு வலது மணிக்கட்டு உடைந்தபோதும் அப்படித்தான். மாவுக்கட்டுப் போட்ட கையால் அவள் எப்படி எழுதுவாள்? நகரசபையின் சமூக உதவிப் பிரிவிலிருந்து மகள் வீட்டுக்கு ஒரு பெண் வந்திருந்தாள். கட்டுப் பிரித்த பிறகு வாரம் இரண்டு முறை வீட்டுக்கே வந்து விரல்களுக்குப் பயிற்சி கொடுப்பாளாம். பையில் எப்போதும் ஒரு மஞ்சள் ரப்பர் பந்து வைத்திருப்பாள், அதனால் அவளுக்குப் பந்தக்கா என்று பேர் வைத்துவிட்டோம். பந்தக்கா நான்கு பக்கப் படிவத்தை நீட்டினாள். நான் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மாப்பிள்ளை வந்து மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"வேர்க்குது பாருங்க அத்தை," என்றார்.

என்ன தன்மையான பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்பதாவது கட்டம், காயத்தின் காரணம். 'குளியலறையில் வழுக்கி விழுந்தது' என்று எழுதினேன். மகள் என்னிடம் அப்படித்தான் சொல்லியிருந்தாள். நான் நம்பினேன். நம்புவது சுலபமாக இருந்தது.

பதினான்காவது கட்டத்தில் ஒரே ஒரு வார்த்தை: உரியவர். பக்கத்தில் நீளமாக ஒரு கோடு. கொஞ்சம் யோசித்தேன். கல்யாணமான பெண்ணுக்கு உரியவர் வேறு யார்? கட்டினவர்தானே! அவர் பேரை மொட்டையாக எழுத மனசு வரவில்லை. நான் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. 'மாப்பிள்ளை' என்று போட்டு அதற்குப் பிறகு பேரை எழுதினேன். கோடு முடிகிற இடத்தில் பேரும் கச்சிதமாக முடிந்தது.

பந்தக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே படிவத்தை மடித்துப் பையில் வைத்தாள். அவள் அதைப் படிக்கவில்லை. யார் படிப்பார்கள்?

மணிக்கட்டு வழுக்கி விழுந்து உடையவில்லை என்பது எனக்குத் தெரிய வந்தது கட்டுப் பிரித்த இரண்டாவது வாரம். மகள் ஒரே ஒரு பையோடு என் வாசலில் வந்து நின்றாள். அதே கை மறுபடி வீங்கியிருந்தது.

"கதவு இடிச்சிடுச்சாடி?" என்று கேட்டேன்.

அவள் என்னையே பார்த்தாள். "இன்னும் எத்தனை நாளைக்கும்மா நீ இப்படியே கேட்டுக்கிட்டு இருப்ப?"

நான் போய் அடுப்பைப் பற்றவைத்தேன். வெந்நீர் வைத்துக் கொடுத்தேன்.

மறுநாளே மாப்பிள்ளை வந்தார். கத்தவில்லை, கதவைத் தட்டவில்லை. எதிர்ப்பக்கம் ஸ்கூட்டரை நிறுத்தி அதன்மேல் உட்கார்ந்து எங்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் வரைக்கும். அதற்கு மறுநாளும் அப்படியே. போலீசுக்குப் போன் பண்ணினால், "ரோட்டுல உக்காந்திருக்கறது ஒரு குத்தமாம்மா?" என்றார்கள். நாலாவது நாள் அவர் சாப்பிடப் போன நேரம் பார்த்து, இரண்டு பெட்டியோடு பின்பக்கமாக வெளியே வந்து, ஊரின் அடுத்த கோடியில் தையல்காரம்மா வீட்டு மாடி அறைக்குப் போய்ச் சேர்ந்தோம். தையல்காரம்மா எனக்கு முப்பது வருஷப் பழக்கம்.

"கவலைப்படாத," என்றாள். "நான் வாயைத் திறந்தா ஊசியும் நூலும்தான் வெளியில வரும்."

அங்கே இரண்டு வாரம் நிம்மதியாகத்தான் போயிற்று. கைதான் நிம்மதியாக இல்லை. மகள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். கடுகை விடச் சின்ன திருகாணியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துத் திருப்ப வேண்டும். இப்போது அந்த இரண்டு விரலும் ஒன்றையொன்று தொடவே மாட்டேன் என்றன. டாக்டர் அழுத்தமாகச் சொல்லிவிட்டார்: இன்னும் ஆறு வாரம் விடாமல் பயிற்சி கொடுக்க வேண்டும், விட்டால் அந்த இடைவெளி அப்படியே நின்றுவிடும். கடை முதலாளியும் ஆறு வாரம்தான் இடத்தை வைத்திருப்பேன் என்றார். நல்ல மனுஷன், அவரும் எத்தனை நாள் காத்திருப்பார்?

பந்தக்கா புது இடத்துக்கு வரவேண்டுமென்றால் நகரசபையில் முகவரி மாற்ற வேண்டும். மகளுக்கு இஷ்டமில்லை.

"எங்கயும் எழுதிக் குடுக்காதம்மா."

"அடி போடி. அவங்க என்ன ஊர் முழுக்க தமுக்கடிக்கவா போறாங்க? கவர்ன்மெண்டு ஆபீஸ், எல்லாம் ரகசியம்."

போனோம். சமூக உதவிப் பிரிவில் வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள், எல்லாம் ஒரே இரும்புச் சட்டத்தில் பூட்டியிருந்தன. ஒருவர் எழுந்தால் மற்றவர்கள் எல்லோரும் ஆடுவார்கள். எங்கள் டோக்கன் நாற்பத்தேழு. மூன்றாவது கவுண்டரில் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள், அவளுக்கு முன்னால் தடிமனான கண்ணாடி. பேசுவதற்கு ஓட்டை வைத்திருந்தார்கள், யார் உயரத்துக்கு வைத்தார்களோ, என் இடுப்புக்கு நேராக இருந்தது. நான் குனிந்து அதில் வாயை வைத்தேன்.

"வீடு மாறிட்டோம் கண்ணு. கைப்பயிற்சிக்கு வர்றவங்க புது இடத்துக்கு வரணும்."

"புது முகவரி சொல்லுங்கம்மா."

மெதுவாகச் சொன்னேன்.

"கேக்கலம்மா. சத்தமா சொல்லுங்க."

சத்தமாகச் சொன்னேன். அவள் பக்கத்தில் ஒரு மைக் இருந்தது. அதில் திருப்பிக் கேட்டாள்: "கதவு நம்பர் பதினெட்டா, இருபத்தெட்டா?" சுவரெல்லாம் கேட்டது. எனக்குப் பின்னால் காத்திருந்த ஒரு பெரியவர் உதவிக்கு வந்தார்.

"தையல்கடை இருக்கே, அதுக்கு மேல் மாடிதானேம்மா? அது இருபத்தெட்டு. வாசல்ல பச்சை கேட்டு."

"தேங்க்ஸ் சார்," என்று அந்தப் பெண் கணினியில் தட்டிக்கொண்டாள்.

மகள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். நான் மறுபடி ஓட்டைக்குக் குனிந்தேன்.

"ஏன் கண்ணு, இது வேற யாருக்கும் போகாதே?"

"ஐயோ, போகவே போகாதும்மா. மேல போர்டு பாருங்க." பூட்டுப் படம் போட்டு, 'உங்கள் தகவல் எங்களிடம் பத்திரம்' என்று எழுதியிருந்தது. "உரியவரைத் தவிர ஒரு ஈ காக்காவுக்குத் தெரியாது."

"கேட்டுக்கிட்டியாடி?" என்று மகளைப் பார்த்துச் சொன்னேன். எனக்கு அப்போது எவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது தெரியுமா!

அந்தப் பெண் ஒரு ரசீதை அச்சடித்துக் கொடுத்தாள். வெளியே படிக்கட்டில் இறங்கும்போது மகள் அதைப் படித்தாள். நான் நாலு படி இறங்கிவிட்டேன், அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"அம்மா. இங்க வா."

ரசீதின் கீழே ஒரு வரி. 'முகவரி மாற்றம் பின்வரும் உரியவருக்குக் கடிதம் மூலம் தெரிவிக்கப்படும்.' அதற்கும் கீழே: மாப்பிள்ளை. பிறகு அவர் பேர். பிறகு அவர்கள் குடியிருந்த பழைய வீட்டு முகவரி.

நான் எழுதின மாதிரியே, 'மாப்பிள்ளை' என்று தொடங்கி.

திரும்ப ஓடினோம். என் முழங்கால் எப்படி ஓடியது என்று எனக்கே தெரியாது. கவுண்டரில் வேறு யாரோ இருந்தார்கள். நான் அவர்களைத் தள்ளிவிட்டு ஓட்டையில் கத்தினேன். அந்தப் பெண் பயந்துபோய் எங்களை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள், தகவல் பாதுகாப்பு அதிகாரி அறைக்கு. பதவிப் பேரைக் கேட்டதும் மீசையும் தொந்தியுமாக ஒருத்தர் இருப்பார் என்று நினைத்தேன். ஒல்லியாக ஒரு மனுஷன், ஜலதோஷம், மேஜையெல்லாம் கசக்கிய காகிதம்.

மகள்தான் பேசினாள். நிதானமாக எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கணினியில் என் படிவத்தின் படத்தை எடுத்துப் பார்த்தார்.

"உரியவர்னா, அந்தத் தகவல் யாருக்குச் சொந்தமோ அவங்கம்மா. இது உங்க பொண்ணோட தகவல். அங்க உங்க பொண்ணு பேரை எழுதியிருக்கணும்."

"அதைத்தான் முதல் கட்டத்துலயே எழுதியிருக்கேனே சார். முதல் கட்டத்துல கேட்டதைப் பதினாலாவதுல எதுக்கு மறுபடி கேக்கறீங்க?"

"குழந்தைங்க, நினைவு தப்பினவங்க இருப்பாங்க. அவங்களுக்கு வேற யாராவது உரியவரா இருக்கலாம். அதுக்காகத் தனியா ஒரு கட்டம்."

"நான் புருஷன்னு நினைச்சேன் சார்."

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நிறைய பேர் அப்படித்தான் எழுதியிருக்காங்கம்மா," என்றார். "இந்த வட்டத்துல மட்டும் முந்நூறு பேருக்கு மேல. எல்லாம் பொம்பளைங்க."

"அதுல எத்தனை பேருக்குக் கை உடைஞ்சிருக்கு சார்?" என்று மகள் கேட்டாள்.

"அதைத் திறந்து பாக்க எனக்கு அனுமதி இல்லம்மா."

நான் மேஜையில் கை வைத்தேன். "சரி, எழுதினது நான், தப்பு என்னுது. இப்ப அதை அடிச்சிட்டு இவ பேரைப் போடுங்க. முடிஞ்சுது."

"உரியவரை மாத்தணும்னா உரியவர்தான் கையெழுத்துப் போடணும்."

"யாரு, அவரா?"

"அவர்தான் இப்ப உரியவர்."

"என் கையை முறுக்கினதே அவர்தான் சார்," என்றாள் மகள். அந்தக் கையை மேஜை மேல் வைத்துக் காட்டினாள். அவர் கையைப் பார்த்தார், பிறகு திரையைப் பார்த்தார்.

"ரெக்கார்டுல வழுக்கி விழுந்ததுன்னு இருக்கேம்மா. கையெழுத்து வேற இவ்வளவு தெளிவா இருக்கு."

அவர் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலித்தது.

"அப்ப பழைய முகவரிக்கே மாத்திடுங்க," என்றேன். "நாங்க வரவே இல்லன்னு வெச்சுக்குங்க."

"அதுவும் ஒரு மாத்தம்தானே. அதுக்கும் ஒரு கடிதம் போகும். எதுல இருந்து எதுக்கு மாத்தினோம்னு ரெண்டையும் போட்டு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த இடத்தில் சிரித்தேன். மகள் என் தோளைப் பிடித்தாள்.

"கோர்ட்டுல ஒரு தாள் வாங்கிட்டு வாங்க," என்றார் அவர். "ஒரே நிமிஷத்துல நானே மாத்தித் தரேன்."

"எத்தனை நாள் ஆகும்?"

"மூணு வாரம். நாலும் ஆகலாம்."

"கடிதம்?"

"அது அப்பவே அச்சாகித் தபாலுக்குப் போயிடுச்சு. நாளன்னைக்குப் போய்ச் சேர்ந்துடும்."

நாங்கள் எழுந்திருக்கவில்லை. அவருக்கும் எங்களைப் போகச் சொல்ல வாய் வரவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, ஜன்னலிடம் பேசுகிற மாதிரி சொன்னார்: "தபால் அறை கீழ்த்தளத்துல கடைசியில இருக்கு. நாலு மணிக்கு வண்டி வரும். இதை நான் உங்களுக்குச் சொல்லல."

மணி மூன்றே முக்கால்.

தபால் அறைக்குக் கதவு கிடையாது, கம்பி வலை போட்ட ஒரு ஜன்னல்தான். வலைக்குக் கீழே கை நுழைகிற அளவுக்கு இடைவெளி, அதற்கு உள்ளே ஒரு பலகை, பலகை மேல் கட்டுக் கட்டாகக் கடிதம். நரைத்த தலை ஆள் ஒருவர் ரப்பர் வளையம் மாட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒரு கடிதம் தப்பா போயிடுச்சு. எடுத்துக் குடுங்க, புண்ணியமாப் போகும்."

"உங்க பேருக்கா போகுது?"

"இல்ல, என் மாப்பிள்ளை பேருக்கு."

"அப்ப அவரையே வரச் சொல்லுங்கம்மா."

"அவர் வரக் கூடாதுன்னுதான் நாங்க வந்திருக்கோம்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "ஒட்டின கவரை நான் தொட்டா என் வேலை போயிடும். உள்ள சொந்த விஷயம் இருக்கும்மா. நாலு பேர் கண்ணுல படக் கூடாது," என்று எனக்குப் புத்தி சொன்னார். பக்கத்துச் சாக்கை எடுக்கத் திரும்பினார்.

அப்போதுதான் பார்த்தேன். முகவரி தெரிகிற மாதிரி கண்ணாடித்தாள் வைத்த நீளக் கவர். முன்பக்கக் கட்டில் மேலாக இருந்தது. 'மாப்பிள்ளை' என்று தொடங்குகிற கவர் அந்த ஊரில் வேறு எது இருக்கும்? மகளும் பார்த்துவிட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் கை இடைவெளிக்குள் போய்விட்டது. பழக்கம், பாருங்கள். வலது கை போயிற்று. கட்டைவிரல் கவரின் மேலும் ஆள்காட்டி விரல் கீழுமாக நின்றன. நடுவில் அந்த இடைவெளி. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். கவர் கொஞ்சம் நகர்ந்து வெளியே வந்தது, நழுவியது, மறுபடி வந்தது, மறுபடி நழுவியது. இடது கையை உள்ளே விடுடி, இடது கையை விடு என்று எனக்குள் கத்துகிறேன்.

அந்த ஆள் திரும்பினார். கோபப்படவில்லை. கட்டின் மேல் தன் உள்ளங்கையை மெதுவாக வைத்தார்.

"வேணாம்மா," என்றார்.

மகள் கையை வெளியே எடுத்தாள். கம்பி கீறி மணிக்கட்டில் ஒரு கோடு சிவந்திருந்தது. வெளியே வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

மறுநாள் காலையே பெட்டிகளைக் கட்டினோம். இரண்டு பெட்டி, ஒரு வெந்நீர்க் குடுவை, அவ்வளவுதான். தையல்காரம்மா கீழ்ப்படியில் நின்று அழுதாள். எங்கே போகிறோம் என்று சொல்ல வாயெடுத்தேன், என் வாயைக் கையால் பொத்தினாள்.

"சொல்லாத. எனக்குத் தெரிஞ்சா நான் சொல்லிடுவேன். என்னை எனக்குத் தெரியும்."

அவர் அதற்கு மறுநாள் சாயங்காலம் வந்தாராம். தையல்காரம்மா பிறகு போனில் சொன்னாள். பச்சை கேட்டைச் சத்தமில்லாமல் திறந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, கையில் கடிதத்தோடு நின்றாராம். "கை இப்ப எப்படி இருக்குன்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்," என்றாராம். மாடிக்கு ஏறிப் போய் வெறும் அறையைப் பார்த்துவிட்டு, ஜன்னலைச் சாத்திவிட்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனாராம்.

"எவ்வளவு மரியாதையான ஆளுடி," என்று தையல்காரம்மா தன்னை மறந்து சொன்னாள். சொல்லிவிட்டு, போனிலேயே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பந்தக்காவும் செவ்வாய்க்கிழமை அங்கே வந்து பூட்டின அறையைத் தட்டிவிட்டுப் போயிருக்கிறாள். பயனாளி இல்லை என்று எழுதிக்கொண்டாளாம்.

கோர்ட்டில் மனுப் போடப் போனோம். மனுவில் முகவரி கேட்டார்கள். எழுதாமல் திரும்பி வந்தோம். வக்கீலம்மா தன் ஆபீஸ் முகவரியைப் போடலாம் என்கிறாள், அதற்கு ஒரு உறுதிமொழிப் படிவம் உண்டாம். மகள் அதைத் தானே எழுதினாள், இடது கையால், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதுகிற மாதிரி. நான் பேனாவைத் தொடவில்லை.

இப்போது இருக்கிற இடத்தை நான் சொல்லமாட்டேன். ஒரு அறை, ஒரு ஜன்னல். ஆறு வாரத்தில் நாலு வாரம் போய்விட்டது. தினமும் காலையில் மகளின் வலது கையை என் மடியில் வைத்துக்கொள்கிறேன். பந்தக்கா செய்ததை ஞாபகப்படுத்தி ஒவ்வொரு விரலாக மடக்குகிறேன். கட்டைவிரலை அவள் உள்பக்கமாகச் சுழற்றினாளா, வெளிப்பக்கமாகவா? நான் அப்போதெல்லாம் பார்க்கவே இல்லை, அவளோடு வாயாடிக்கொண்டிருந்தேன்.

"வலிக்குதாடி?"

"வலிக்குது."

"வலிச்சா நல்லதா, கெட்டதா?"

"தெரியலம்மா. நீ சரியாத்தான் பண்றியா?"

"தெரியலடி," என்றேன். விரலை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். எந்தப் பக்கம் திருப்புவது என்று அவள் என் முகத்தைப் பார்த்தாள், நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.